சரளைக் குழியும் ஈரநிலமும்

கரந்தை வீரர் மீட்பது கவர்ந்து செல்லப்பட்ட அதே ஆநிரையைத்தான். வேறு ஆநிரையைக் கொணர்ந்து தொழுவில் நிறுத்தினால் அது கொடையாகலாம், ஈடாகலாம், மீட்டல் ஆகாது. தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையார் அதனைத் தனித் திணையாக்கினார். எனினும் போன பொருளே திரும்பி வரவேண்டும் என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. அடகு வைத்த நகையை மீட்டல், ஒற்றி வைத்த நிலத்தை மீட்டல் எனும் உலக வழக்கும் இதனையே வலியுறுத்தும்.

இந்நாளில் 'நில மீட்பு' என்னும் தொடர் சூழலியல் நூல்களின் தமிழாக்கத்தில் பரவி வருகின்றது. மண்ணும் கல்லும் அகழ்ந்து எடுக்கப்பட்ட குழியில் நீர் தேக்கி, நாணல் வளர்த்து, பறவை வந்து தங்கச் செய்தலையும் மீட்பு என்றே எழுதுகின்றனர். இவ்வழக்குப் பொருந்துமா என்பதனை ஆராயப் புகுந்த யாம், சொல்லை மட்டும் நோக்கி முடிவு கூறல் இயலாது என்பதனை விரைவில் உணர்ந்தோம். அக்குழியில் உண்மையில் நிகழ்வது யாது என அறிந்தாலன்றிச் சொல்லின் தகுதி விளங்காது. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி குழியைப் பற்றியது. எடுத்துக்காட்டாக யாம் கொள்வது, இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், கேம்பிரிட்சு நகருக்கு வடமேற்கே, ஊஸ் பேராற்றின் கரையில் உள்ள நீடிங்வொர்த் என்னும் ஊரின் சரளை அகழ்விடம். அகழ்ந்து முடித்த அதன் பகுதிகள் 'ஊஸ் ஃபென்' என்னும் பெயருடைய ஈரநிலமாக மாற்றப்பட்டு வருகின்றன.

அகழ்விடம் என்றோம், சுரங்கம் என்னாமைக்குக் காரணம் உண்டு. மண்ணுக்குள் வழி குடைந்து செல்வதே சுரங்கம். ஈண்டு மேல்மண்ணை அகற்றி, வெயில் படத் திறந்த வெளியிலேயே சரளையை வாரி எடுக்கின்றனர். ஆதலின் அகழ்விடம், குழி என்னும் சொற்களே போதும்.

ஆங்கிலத்தில் இவ்வினைக்கு ஆளப்படும் 'ரீக்ளெய்ம்' என்னும் சொல்லின் வரலாறு சுவையுடையது. 'திரும்ப அழைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்த அது, இடைக்காலத்தில் வேட்டைக்குப் பழக்கிய வல்லூற்றைக் கைக்கு மீள அழைத்தலைக் குறித்தது. பின்னர்க் கட்டுக்கடங்காததை வயப்படுத்தல் எனப் பொருள் விரிந்து, காடும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தை உழுநிலமாக்குதலையும் சுட்டலாயிற்று. சதுப்பை வற்றச் செய்தல் ரீக்ளெய்ம். இன்றோ, குழியைச் சதுப்பாக்குதலும் ரீக்ளெய்ம்! ஒரே சொல் ஒன்றுக்கொன்று மாறான இரு வினைகளைத் தாங்கி நிற்கின்றது. இம்முரண்பாட்டை வேறெங்கும் காண்பதினும் நீடிங்வொர்த்தில் காண்பது எளிது. ஏனெனில் சதுப்பை வற்றச் செய்த பெருவினையும் அதே இடத்திற்கு அருகில்தான் தொடங்கியது.

ஃபென் நாடு எனப்படும் அத்தாழ்நிலப் பரப்பு, பதினேழாம் நூற்றாண்டுவரை நாணலும் கோரையும் மண்டி, மாரிக்காலத்தில் நீரில் மூழ்கிக் கிடந்தது. பெட்ஃபோர்டு கோமகனும் அவரொடு கூடிய முதலாளிகளும் டச்சு நாட்டுப் பொறியாளராகிய கார்னீலியசு வெர்முய்டன் என்பாரைக் கொண்டு அதனை வடிக்க முற்பட்டனர். ஊஸ் ஆற்றின் வளைவுகளை விடுத்து நேராகக் கடல்நோக்கி ஓடும் பழைய பெட்ஃபோர்டு கால்வாய் 1637-இல் முடிந்தது; அதற்கு இணையான புதிய கால்வாய் 1651-இல் முடிந்தது. இரண்டும் ஆற்றினின்று பிரியுமிடம் ஏரித் என்னும் சிற்றூர். (நம் 'ஏரி'க்கும் இப்பெயர்க்கும் தொடர்பு யாதும் இல்லை, ஒலியொப்புமை கண்டு மயங்குவார் மயங்காதிருத்தற்பொருட்டு இதனைக் கூறினோம்.) அவ்வூரை அடுத்துள்ளதே நாம் பேசும் அகழ்விடம்.

வடித்ததன் விளைவு ஒன்றை ஈண்டுக் கூறல் வேண்டும். ஃபென் நாட்டின் கருமண், நீரில் அமிழ்ந்து அரைகுறையாக மட்கிய செடிகொடிகளின் திரள். ஆங்கிலத்தில் பீட் என்பர். நீருள் கிடக்குமளவும் அது கெடாது. நீர் வடிந்து காற்றுப்பட்டதும் சுருங்கும், மட்கும், காற்றில் பறக்கும். ஹோம் என்னும் ஊரில் 1851-இல் ஓர் இரும்புத் தூணை அதன் தலை நிலமட்டத்திற்கு ஒப்ப நிற்குமாறு மண்ணுட் புதைத்தனர். இன்று அத்தூண் ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே தெரிகின்றது. தூண் எழவில்லை; நிலம் தாழ்ந்தது. நிலம் தாழத் தாழ நீரை மேலேற்றி ஆற்றில் விட வேண்டியதாயிற்று. காற்றாலை, நீராவிப் பொறி, டீசல் பொறி, மின்பொறி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழைய சதுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கும் எஞ்சவில்லை. எஞ்சாதது விளைநிலமாயிற்று, இங்கிலாந்தின் மிகச்சிறந்த விளைநிலங்களுள் ஒன்றாயிற்று என்பதனையும் மறைத்தல் கூடாது.

இனிச் சரளைக்கு வருவோம். பனியூழிக் காலங்களில் ஊஸ் இன்றுள்ளது போன்ற சோம்பிய ஆறன்று. உறைபனியால் உடைந்த கற்களை, வேனிலில் பனியுருகிப் பெருகிய வெள்ளம் உருட்டிக் கொணர்ந்து, பல கிளையாய்ப் பிரிந்து பரந்து ஓடி, பள்ளத்தாக்கெங்கும் பரப்பியது. அப்பரப்பே இன்றைய சரளைப் படுகை. அதன்மேல் பிற்கால வண்டலும் பீட் மண்ணும் படிந்தன. அதன்கீழ்ச் சுராசிக் ஊழியின் களிமண் கிடக்கின்றது. மேலே மண், நடுவே சில மீட்டர் சரளை, அடியில் களி என்னும் இவ்வடுக்கை வாசகர் நினைவிற்கொள்ளல் வேண்டும். பின்வருவன யாவும் இதனைப் பொறுத்தே அமைவன.

சரளைப்படுகையின் இடைவெளிகளெல்லாம் நீர் நிறைந்திருக்கும். ஆற்றங்கரையில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று எழுவது நாம் அறிந்ததே. ஆதலின் அகழ்வோர் இரண்டிலொன்று செய்வர்: நீருக்குள்ளேயே வாளியிட்டு வாருவர், அல்லது இடைவிடாது நீர் இறைத்துக் குழியை உலர வைத்து, உலர்ந்த தரையில் அகழ்வர். இரண்டாவது முறையில் அகழ்வு முடிந்து இறைப்பை நிறுத்தினால் போதும். சில காலத்தில் குழி தானே நிரம்பும். திறந்த நீர்ப்பரப்பு என்பது இவ்வாறு ஏறக்குறைய இலவசமாகக் கிடைப்பது. இங்கிலாந்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் சாலைக்கும் வீட்டிற்கும் வானூர்தித் தளத்திற்கும் சரளை எடுத்த குழிகள் நூற்றுக்கணக்கில் இங்ஙனமே ஏரிகளாயின. மீன்பிடிக்கவும் பாய்மரப் படகு செலுத்தவும் அவை பயன்பட்டன. கொண்டை முக்குளிப்பான் என்னும் பறவை பெருகியதற்கு இக்குழிகளும் ஒரு காரணம் என்பர்.

ஆயினும் திறந்த நீர் வேறு, ஈரநிலம் வேறு. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

தமிழில் ஆழ்ந்த நீருக்குக் கயம், மடு என்னும் சொற்கள் உள. சேறுபட்ட நிலத்திற்கு அள்ளல், அளறு என்பன உள. பழனம் என்பது வயல், பொய்கை என்னும் இருபொருளும் தரும். நீரா நிலமா எனக் கேட்டால் இரண்டுமாகும் எனவே விடை கூறல் வேண்டும். ஈரநிலம் என இன்று நாம் குறிப்பதன் இயல்பு இதுவே: நீரா நிலமா என ஐயுறத்தக்க பரப்பு. ஈரானில் உள்ள ராம்சார் நகரில் 1971-இல் கையெழுத்தான உடன்படிக்கை, இயற்கையோ செயற்கையோ, நிலைத்ததோ பருவத்ததோ, சதுப்பையும் நீர்ப்பரப்பையும் எல்லாம் ஒரே பெயரில் அடக்கியது. காப்புச் சட்டத்திற்கு அவ்விரிந்த வரையறை வேண்டியதே. ஆனால் அதனைக் கொண்டு நோக்கின் நீர் நின்ற எந்தக் குழியும் ஈரநிலமாகிவிடும். செய்யவேண்டிய பணி எஞ்சியிருத்தல் புலப்படாது.

குழிக்கும் பழனத்திற்கும் இடைப்பட்ட பணி பெரும்பாலும் சரிவைப் பற்றியது. அகழ்வோர் தம் நிலத்தின் எல்லைவரை சரளையைக் கொள்ள விரும்புதல் இயல்பு. எனவே குழியின் கரை செங்குத்தாக முடியும். நாணலும் சம்பும் கோரையும் வேரூன்றுவது ஆழங்குறைந்த ஓரத்தில். இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கரையில், அரை மீட்டர் ஆழத்திற்குட்பட்ட ஓரம் ஒரு மீட்டர் அகலமே இருக்கும். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குமாயின் அவ்வோரம் பத்து மீட்டர் ஆகும். ஆழமும் நீரும் மண்ணும் ஒன்றாயிருக்க, சரிவு ஒன்றே மாறியதனால் உயிர்வாழும் இடம் பன்மடங்காயிற்று. செங்குத்துக் கரையைக் காற்றெழுப்பும் அலை மேலும் அரிக்கும். செடி பற்றுதற்கு இடமே இராது. பார்வைக்கு அழகிய அந்நீலநீர், உணவு நோக்கில் பெரிதும் வெறுமை.

இதனை முதலில் செய்து காட்டியவருள் ஒருவர் ஜெஃப்ரி ஹாரிசன் என்னும் மருத்துவர். கெண்ட் மாவட்டத்தில் டேரண்ட் ஆற்றை ஒட்டிய செவனோக்ஸ் சரளைக் குழிகளில், 1956-ஆம் ஆண்டு தொடங்கி அவர் பணியாற்றினார். அவர் வாத்து வேட்டையிலும் ஈடுபாடுடையவர் என்பது சிலருக்கு உவப்பளிக்காது. எனினும் அவ்வேட்டையே அவர் ஆராய்ச்சிக்குக் கருவியாயிற்று. சுடப்பட்ட வாத்துகளின் இரைப்பையை அறுத்து, அவை எவ்வெவ் விதைகளை உண்டிருந்தன எனக் கணக்கெடுத்து, அச்செடிகளையே கரையில் நட்டார். தீவுகள் அமைத்தார், கரையைச் சரித்தார். எதை நடுவது என்பதனைத் தம் விருப்பத்தால் முடிவு செய்யாது பறவையிடமே கேட்டறிந்தார் என்பது எம்மைக் கவர்ந்தது. உரைகாரர் ஒருவர் பாடத்தை மூலத்திடமே கேட்டுத் தெளிவது போன்ற முறை இது.

நீடிங்வொர்த்தில் பணி இன்னும் பெரிது. ஹான்சன் நிறுவனமும் (2023 முதல் ஹைடல்பெர்க் என்னும் பெயர் தாங்கியது) ராயல் பறவைக் காப்புக் கழகமும் கைகோத்து, ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டன் மணலும் சரளையும் எடுக்கப்படும் நிலத்தில், சுமார் 700 எக்டேர் பரப்புள்ள காப்பிடத்தை உருவாக்கத் திட்டமிட்டன. அதில் 460 எக்டேர் நாணற்பரப்பாகும். நிறைவுறும்போது பிரிட்டனில் அதனினும் பெரிய நாணற்பரப்பு இராது. எஞ்சியது திறந்த நீரும் புல்வெளியும். அகழ்வு முழுதும் முடிந்தபின் திருத்தத் தொடங்கவில்லை என்பது இத்திட்டத்தின் சிறப்பு. ஒரு பாத்தியில் அகழ்ந்து முடித்ததும் அடுத்த பாத்தியின் மேல்மண்ணை அகற்றி முன்னதில் பரப்புவர். ஒருபுறம் குழி நகர, மறுபுறம் நாணல் பின்தொடரும்.

இங்குதான் முன்னர்க் கூறிய மூவடுக்கு துணைபுரிகின்றது. சரளை ஆழமற்றதாதலின் குழியும் ஆழமற்றது. வெளியினின்று மண் கொணராது, அகற்றிய மேல்மண்ணையும் களியையும் கொண்டே தரையை வேண்டிய மட்டத்திற்கு உயர்த்தலாம். அடியிலுள்ள சுராசிக் களி நீரைக் கீழே விடாது. பக்கங்களிலோ சரளை இருக்கின்றது. அடுத்த பாத்தியில் இறைக்கும் பொறி இப்பாத்தியின் நீரையும் ஈர்த்துவிடும். ஆகவே களிமண் கரையெழுப்பிப் பாத்திகளைப் பிரித்து, மதகு வைத்து, ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் தனித்தனியே ஆளுதல் வேண்டும். நம் வயல் வரப்பும் மடையும் நினைவுக்கு வரும். நெல்லுக்கு நீர் கட்டுவோன் விரல்கணக்கில் அளப்பதுபோல, நாணலுக்கு நீர் கட்டுவோனும் அளக்கின்றான். நாற்றுக் காலத்தில் நீர் மிகின் மூழ்கி அழுகும். குறையின் களையும் வில்லோ மரக்கன்றும் முந்திக்கொள்ளும்.

நாணல் நாற்றுகளைத் தொண்டர்கள் கையால் நட்டனர். வாத்தும் நாமக்கோழியும் இளந்தளிரை மேய்ந்துவிடுமாதலின் வேலியிட்டும் வலையிட்டும் காத்தல் இத்தகைய நடவில் இன்றியமையாதது. பறவைக்காகச் செய்யும் நாணற்பரப்பைப் பறவையிடமிருந்து காக்கவேண்டியிருத்தல் நகைப்புக்குரியதேயாயினும் உண்மை. மற்றொன்று: வளமான மேல்மண்ணை நீருக்குள் இடுதல் நன்றன்று. உழவுநிலத்து உரச்சத்து நீரில் கரைந்து பாசியை வளர்க்கும். பாசி ஒளியை மறைக்கும். உழவன் விரும்பாத மெலிந்த அடிமண்ணே சதுப்புக்கு ஏற்றது.

நாணல் என யாம் எழுதுவது ஒரு சமரசம். காவிரிக் கரையில் வெண்கதிர் அசையும் நாணல் வேறு. ஊஸ் கரையில் நிற்பது ஃபிராக்மைட்டீசு என்னும் இனத்தது. நம் நாட்டிலும் அவ்வினத்துப் புல் உண்டு. கொறுக்கை என அதனைச் சுட்டுவாருமுளர். மக்கள் வழக்கில் நீர்க்கரையில் உயர்ந்து வளரும் புல் பலவும் நாணலே. அவ்வழக்கையே தழுவினோம்.

இத்துணைப் பாடும் எதன் பொருட்டு? விடையில் பெரும்பங்கு ஒரு பறவைக்குரியது. பிட்டர்ன் என்பது குருகு இனத்தது. சங்க நூல்களில் குருகு நீர்ப்பறவை பலவற்றுக்கு ஏற்ற பெயராய் வழங்கினும், இக்காலப் பறவை நூலார் செங்குருகு, கருங்குருகு, மஞ்சள் குருகு என இவ்வினத்துக்கே அதனைச் சிறப்பாக ஆளுகின்றனர். நாணலின் நிறமே தன் நிறமாக, அசையாது கழுத்துயர்த்தி நின்றால் இரண்டடி தூரத்திலும் கண்ணுக்குப் புலப்படாது. வேனிலில் ஆண்பறவை எழுப்பும் முழக்கம் மட்டும் பல கிலோமீட்டர் கேட்கும். வாய்ப்பறையின் ஒலி அன்று, குடத்தின் வாயில் ஊதினாற் போன்ற ஒலி. சதுப்பை வடித்ததனாலும் வேட்டையாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பறவை பிரிட்டனில் கூடுகட்டுதலை விட்டது. 1911-இல் நார்ஃபோக்கில் மீண்டும் கூடுகட்டியது, சற்றே பெருகியது, பின்னர்க் குறைந்து, 1997-இல் முழங்கிய ஆண்பறவைகள் நாடு முழுவதிலும் 11 மட்டுமே. எஞ்சிய நாணற்பரப்புகள் சில உலர்ந்து மேடிட்டன. சிறந்தவை சஃபோக் கடற்கரையை ஒட்டியிருந்தன. கடல் உயர்ந்து உப்புநீர் புகுமாயின் அவையும் நில்லா. உள்நாட்டில் புதிய நாணற்பரப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது இதனாலேதான்.

பிட்டர்ன் நாணலுக்குள் வாழ்ந்தாலும் நாணலை உண்பதில்லை. ரட் என்னும் கெண்டையினச் சிறுமீனும் விலாங்கும் அதன் இரை. நாணலும் நீரும் சந்திக்கும் விளிம்பே அதன் வேட்டைக்களம். எனவே நாணலை ஒரே பரப்பாக நிரப்பினாலும் பயனில்லை. திறந்த நீரை மட்டும் விட்டாலும் பயனில்லை. நாணலை ஊடறுத்து ஓடைகளும் குட்டைகளும் வளைந்து வளைந்து செல்லுமாறு தரையை வகுத்தல் வேண்டும்; வறண்ட வேனிலிலும் மீன் பிழைக்க ஆழ்ந்த மடுக்கள் வேண்டும். திறந்த நீரும் ஈரநிலமும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்றன் விளிம்பிலேயே மற்றது பொருள் பெறுகின்றது. இவ்வாறு அமைந்த நாணற்பரப்புகள் பல இடங்களில் உருவாயின. 2023-இல் பிரிட்டனில் கணக்கிடப்பட்ட முழங்கும் ஆண்பறவைகள் 234. ஊஸ் ஃபென் அவை முழங்கும் இடங்களுள் ஒன்று.

இவ்வளவும் ஆக்கம். இழப்புகளையும் எண்ணுதல் ஆராய்ச்சியாளன் கடன்.

பட்டாணி உப்புக்கொத்தி நம் ஆற்று மணலிலும் குளக்கரையிலும் காணப்படும் சிறு பறவை. பிரிட்டனில் அது முதன்முதல் கூடுகட்டியது 1938-இல், ட்ரிங் என்னுமிடத்து வற்றிய நீர்த்தேக்கத்தின் தரையில். பின்னர் அந்நாடெங்கும் பரவியது சரளைக் குழிகளின் வழியாகத்தான். செடி முளையாத வெற்றுச் சரளையே அதற்கு வேண்டும். நாம் 'பாழ்' எனக் கருதித் திருத்தும் நிலை அதற்கு இல்லம். நாணல் வளர வளர அது நீங்கும். செங்குத்தாக வெட்டிய மணற்சுவரில் வளைதோண்டி வாழும் சிறு தகைவிலான்களின் நிலையும் அதுவே.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சதுப்பின் நடுவே மேடாய் நின்ற சரளைத் திட்டுகளில்தான் முற்கால மக்கள் குடியிருந்தனர், இறந்தோரைப் புதைத்தனர். நீடிங்வொர்த்துக்கும் ஓவர் என்னும் ஊருக்கும் இடைப்பட்ட அகழ்வு நிலத்தில், இயந்திரம் புகுமுன் கேம்பிரிட்சுத் தொல்லியலார் பல ஆண்டுகள் அகழாய்ந்து, புதிய கற்காலத்துச் சுவடுகளையும் வெண்கலக் காலத்துப் புதைமேடுகளையும் வயல் வரம்புகளையும் கண்டனர். அவர்தம் குறிப்பும் வரைபடமும் நூலாகி வெளிவந்துள்ளன. நிலம் இல்லை. சரளை அகழப்படாதிருந்தால் அவ்வாய்வே நிகழ்ந்திராது என்பாரும் உளர், அதுவும் உண்மையே. ஆனால் ஒரே ஓர் ஏட்டுச்சுவடியைப் படியெடுத்த கையோடு எரித்துவிட்டால், படி எத்துணைத் திருத்தமாயினும், பின்வருவோர் ஐயுற்ற இடத்தில் மூலத்தைப் புரட்டிப் பார்த்தல் இயலாது. சுவடி ஆய்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆறு அருகில் இருத்தலும் ஓர் இடர். இதற்குச் சான்று இங்கிலாந்தில் அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைக்கின்றது. அங்கே லூயிசு ஆற்றின் கிழக்குக் கிளையை ஒட்டி ரிட்ஜ்ஃபீல்டு குழிகள் இருந்தன. 1996-ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆறு இடைக்கரையை உடைத்துக் குழிகளுக்குள் புகுந்தது. தன் பழைய படுகையின் ஒரு பகுதியையே கைவிட்டது. ஓடும் குளிர்ந்த நீரில் கூழாங்கற்களிடையே முட்டையிடும் சால்மன் மீன்களுக்கு, தேங்கிச் சூடேறும் குழிநீர் ஏற்றதன்று. ஆறு சுமந்துவந்த கல்லும் மணலும் குழிகளிலேயே விழுந்து தங்கின; கீழ்ப்பகுதிக்குச் செல்லவில்லை. ஆற்றுக்கும் குழிக்கும் இடையே எத்துணை அகலக் கரை விடவேண்டும் என்பது வரைபடத்தில் ஒரு கோடாகத் தோன்றினும், அக்கோட்டை ஆறு படிப்பதில்லை.

இனித் தொடக்கத்து வினாவிற்கு மீள்வோம். ஊஸ் ஃபெனில் மீட்கப்பட்டது எது? சரளை அன்று; அது சாலையிலும் சுவரிலும் உள்ளது. அகழ்வுக்கு முன்னிருந்த விளைநிலம் அன்று, அது போயிற்று. புதைமேடு அன்று. வெர்முய்டனுக்கு முற்பட்ட சதுப்பா எனின், அப்பெயருக்கு ஓரளவு உரிமை உண்டு. நாணலும் குருகும் மீண்டது மெய். ஆயினும் அது பீட் மண்மேல், ஆற்றின் வெள்ளம் தானே ஏறி இறங்க வாழ்ந்த சதுப்பு. இது களிக்கரையும் மதகும் காக்க வாழும் சதுப்பு. வேறு ஆநிரை. நல்ல ஆநிரைதான், எனினும் வேறு. மீட்பு என்னும் சொல் இவ்வேறுபாட்டை மறைப்பதோடு, 'எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டோம்' என அகழ்வோர் கணக்கு முடித்துக்கொள்ளவும் இடந்தருகின்றது. அதனாலேயே யாம் அதனை விலக்குகின்றோம்.

காடு திருத்தல், கழனி திருத்தல் என்னும் வழக்கில் உள்ள 'திருத்தல்' ஒப்பத்தக்கது. அது முன்னிருந்தது திரும்பியதாகக் கூறாது. மனிதன் தன் நோக்கத்திற்கேற்ப நிலத்தை ஒழுங்குபடுத்தினான் என்றே கூறும். 'சரளைக் குழியை ஈரநிலமாகத் திருத்துதல்' என எழுதலாம். திருத்தல் உழவுக்கே உரிய சொல் என மறுப்பார் உளராயின், மடையும் நாற்றும் நீர்க்கட்டும் வேலியும் உழவினின்று எவ்வகையில் வேறு என அவரே கூறட்டும். இச்சொல்லுக்கு மற்றொரு தகுதியும் உண்டு. திருத்திய கழனியை ஓராண்டு விட்டால் புதர் மண்டும் என்பதனைக் கேட்போர் எவரும் அறிவர்.

நாணற்பரப்பும் அவ்வாறே. ஆண்டுதோறும் காய்ந்து விழும் தாள் அடியில் குவிந்து தரையை உயர்த்தும். தரை உயர நீர் மெலியும். வில்லோ மரம் நுழையும். சில பத்தாண்டுகளில் நாணல் காடாகும். அதனைத் தடுக்கப் பகுதி பகுதியாக, ஆண்டுக்கு ஒரு பகுதியென, மாரிக்காலத்தில் நாணலை அறுத்து அகற்றல் வேண்டும். இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் அகழ்வோர்க்குத் திருத்தும் பொறுப்போடு 'பின்பேணல்' என்னும் பொறுப்பையும் விதிக்க வழிசெய்தது. அதன் வழக்கமான காலவரை ஐந்தாண்டு. உழுநிலமாகத் திருத்தியதற்கு ஐந்தாண்டு போதும்; ஆறாம் ஆண்டு முதல் உழவன் வந்துவிடுவான். நாணற்பரப்புக்கு அவ்வாறு தானே வருவார் இலர். நீடிங்வொர்த்தில் பறவைக் காப்புக் கழகம் பாத்திகளை ஒவ்வொன்றாகத் தன் கையில் ஏற்று, அறுப்பையும் மதகையும் தானே நடத்துதற்குக் காரணம் இதுவே.